எஸ். ஒய். அக்னோன்: புதிதாகப் படிக்க வருபவர்களுக்கு

ஹீப்ருவில் எழுதிய ஒருவருக்கு இலக்கிய நோபல் பரிசு இதுவரை ஒரே ஒரு முறைதான் கிடைத்திருக்கிறது. 1966இல் அதைப் பெற்றவர் ஷ்முவேல் யோசேப் அக்னோன். அந்த ஆண்டுப் பரிசை அவரும் ஜெர்மன் மொழிக் கவிஞர் நெல்லி சாக்ஸும் பகிர்ந்துகொண்டார்கள். இஸ்ரேலின் 50 ஷெக்கல் நோட்டில் 1985 தொடங்கி, 2014இல் புதிய வரிசை வரும்வரை அவர் முகம்தான் இருந்தது. இவ்வளவு பெயர் இருந்தும், அவருடைய நாவலை ஆங்கிலத்தில் எடுத்துப் படிக்கத் தொடங்குபவர்களில் நிறையப் பேர் முப்பது நாற்பது பக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். "ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்லும் பக்திக் கதை மாதிரி இருக்கிறது, இதில் நவீனம் எங்கே?" என்பதுதான் வழக்கமான குறை.

குறை நியாயமானது. அதைத் தீர்க்கும் கருத்தும் சிறியதுதான். அக்னோனிடம் கதையைச் சொல்லும் குரல் வேறு, அந்தக் கதையில் நடப்பது வேறு. குரல் கடவுளை நம்புகிறது, வேத வசனம் சொல்கிறது, ஒவ்வொரு துன்பத்துக்கும் ஒரு நியாயம் தேடித் தருகிறது. நடப்பதோ அந்த நியாயத்துக்குள் அடங்க மறுக்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்கப் பழக வேண்டும். அதற்கு யூத மதச் சட்டம், கொஞ்சம் வரலாறு, ஹீப்ரு மொழியின் அடுக்குகள் ஆகிய மூன்றைப் பற்றியும் சிறிதளவு தெரிந்திருந்தால் போதும்.

இந்த இரட்டைத்தன்மையை மதத்தைக் கிண்டல் செய்யும் உத்தி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அக்னோன் இளமையில் சில ஆண்டுகள் மட்டும் அனுஷ்டானங்களைத் தளர விட்டவர். மற்றபடி வாழ்நாள் முழுக்க ஓய்வுநாளும் நோன்பும் கடைப்பிடித்த யூதர். குரலில் உள்ள நம்பிக்கை நிஜம், கதையில் உள்ள உடைவும் நிஜம். அவரை எளிதில் வகைப்படுத்த முடியாமல் போவது இதனால்தான்.

விற்கப்பட்ட கடிதம்

கருத்தைப் புரிந்துகொள்ளச் சரியான இடம் அவர் 1912இல் வெளியிட்ட குறுநாவல். தலைப்பு ஏசாயா 40ஆம் அதிகாரத்திலிருந்து வருகிறது; தமிழ் பைபிளில் "கோணலானது செவ்வையாகி" என்று இருக்கும் அதே இடம். ஆங்கிலத்தில் 'அண்ட் த குரூக்கட் ஷல் பி மேட் ஸ்ட்ரெய்ட்' என்று தேட வேண்டும்.

கிழக்கு ஐரோப்பாவின் கலீசியாப் பகுதியில் உள்ள புச்சாச் ஊரில் மெனாஷே ஹயிம் என்ற கடைக்காரர். மனைவி கிரைண்டல் சார்னே. திருமணமாகி ஆண்டுகள் ஓடியும் பிள்ளை இல்லை. வியாபாரம் நொடித்துப்போகிறது. ஊர் ரபி, அதாவது யூத மதகுரு, ஒரு கடிதம் எழுதித் தருகிறார்: இவர் நல்ல குடும்பத்தவர், கௌரவமாக வாழ்ந்தவர், உதவுங்கள் என்று. அதை வைத்துக்கொண்டு வெளியூர்களில் யாசகம் கேட்டுப் பணம் சேர்த்துத் திரும்புவதாக ஏற்பாடு. அன்றைய யூதச் சமூகத்தில் அப்படிப்பட்ட கடிதம் ஒருவரின் அடையாளச் சான்றும் நற்சான்றும் ஒன்றாகச் சேர்ந்தது.

கொஞ்சம் பணம் சேர்ந்ததும் வீடு திரும்பத் தீர்மானிக்கிறார். வழியில் வேறொரு பிச்சைக்காரன் அந்தக் கடிதத்தை விலைக்குக் கேட்கிறான். இனி நமக்கு எதற்கு என்று இவரும் விற்றுவிடுகிறார். பிறகு சந்தையில் குடித்து, இருந்த பணம் முழுவதையும் பறிகொடுத்து, மறுபடியும் பிச்சைக்கு இறங்குகிறார். இப்போது கையில் கடிதமும் இல்லை. கடிதத்தை வாங்கியவன் ஓரிடத்தில் செத்துக் கிடக்கிறான். சட்டைப்பையில் மெனாஷே ஹயிமின் பெயர். செய்தி புச்சாச்சுக்குப் போகிறது. மனைவிக்கு மறுமணம் நடக்கிறது. அவர் ஊர் திரும்பும் நாளில் அவளுக்குப் பிறந்த ஆண் குழந்தையின் விருத்தசேதன விருந்து.

சட்டம் தெரியாமல் படித்தால் இது தாமதமாகத் திரும்பிய கணவனின் சோகம் என்ற அளவில் நின்றுவிடும். யூத மதச் சட்டப்படி திருமணமான பெண் மறுபடி மணக்க இரண்டே வழிகள்: கணவன் விவாகரத்துப் பத்திரம் தர வேண்டும், அல்லது அவன் இறந்தது நிரூபணமாக வேண்டும். இரண்டும் இல்லாமல் கணவனைக் காணாதவள் 'அகுனா', கட்டுண்டு நிற்பவள். அவள் நிலைக்கு இரங்கித்தான் மரணச் சாட்சிய விதிகளை ரபிகள் தளர்த்தினார்கள்; மற்ற வழக்குகளுக்கு இரண்டு சாட்சி தேவைப்படும்போது இதற்கு ஒரு சாட்சியே போதும். ஆனால் அந்தத் தளர்வுக்கு ஒரு கடும் விலை உண்டு. பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் யெவாமோத் பகுதியின் 10ஆம் அதிகாரம் அதைச் சொல்கிறது: சாட்சியத்தை நம்பி மறுமணம் செய்த பிறகு முதல் கணவன் உயிரோடு வந்தால், அவள் இரண்டு கணவர்களையும் விட்டு விலக வேண்டும். இரண்டாவது மணத்தில் பிறந்த குழந்தை 'மம்சேர்'. வளர்ந்த பிறகு அந்தப் பிள்ளை சமூகத்துக்குள் சாதாரணமாக யாரையும் மணக்க முடியாது.

விருந்து நடக்கும் ஊருக்குள் நிற்கும் மெனாஷே ஹயிம் வாய் திறந்தால் மனைவி வீட்டை இழப்பாள், குழந்தை பெயரை இழக்கும். வாய் மூடினால், இன்னொருவன் மனைவியாகவே அவள் வாழும் பாவத்துக்கு இவர் உடந்தை. சட்டத்தை மதிக்கும் ஒரு மனிதனுக்கு, சட்டத்துக்குள்ளேயே வெளியேறும் வழி இல்லை. அவர் மௌனத்தைத் தேர்ந்தெடுத்து ஒரு கல்லறைத் தோட்டத்தில் போய்த் தங்குகிறார். அங்கே தன் பெயர் பொறித்த கல்லைக் காண்கிறார், மனைவி செய்து வைத்தது. நடந்ததையெல்லாம் கேட்டறிந்த கல்லறைக் காவலர், இவர் இறந்தபின் அந்தக் கல்லை இவருடைய குழிமேல் எடுத்து நடுகிறார்.

இதை முழுக்கச் சொல்லும் குரல் ஹசித் என்ற யூத பக்தி இயக்கத்தின் பழைய கதைப் புத்தகங்களின் குரல்: நீதிமானின் சோதனை, அவன் பெற்ற பலன் என்கிற ரீதியில் போகும். கோணல் செவ்வையானது என்று குரல் நம்புகிறது. எந்தக் கோணல் எப்படிச் செவ்வையானது என்று வாசகர் கேட்டுப் பார்த்தால், ஒரு கல் இடம் மாறியது மட்டும்தான் மிஞ்சுகிறது. அக்னோனுக்கு அப்போது வயது 25.

புச்சாச் முதல் தல்பியோத் வரை

அவர் பிறந்தபோது பெயர் ஷ்முவேல் யோசேப் சாச்கெஸ். ஊர் புச்சாச், ஸ்ட்ரிபா ஆற்றங்கரையில். அன்று ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு, இன்று மேற்கு உக்ரைன். மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் யூதர்கள். தந்தை தோல்-ரோம வியாபாரி, ரபிக்குரிய கல்வியும் பெற்றவர்; ஹசித் மரபைச் சேர்ந்தவர். தாய் எஸ்தர் ஜெர்மன் கதைகள் படிப்பவர். தல்மூத் என்ற யூதச் சட்ட விவாத நூலும் ஐரோப்பிய இலக்கியமும் ஒரே வீட்டில் அவருக்குக் கிடைத்தன.

பிறந்த நாளை அவர் 1888ஆம் ஆண்டு ஆவ் மாதம் ஒன்பதாம் நாள் என்று சொல்லி வந்தார். எருசலேம் ஆலயம் இரண்டு முறையும் இடிந்ததாகக் கருதி யூதர்கள் நோன்பிருக்கும் நாள் அது. ஆய்வாளர்கள் எடுத்த கணக்குப்படி உண்மையான ஆண்டு 1887. தன் வாழ்க்கையையே மரபின் ஒரு கதையாக அடுக்கி வைக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. எனவே அவர் தன்னைப் பற்றிச் சொன்ன தகவல்களை அப்படியே குறிப்பெடுக்காமல், எதற்காக இப்படிச் சொல்கிறார் என்றும் கேட்டுக்கொள்வது நல்லது.

1908இல் பாலஸ்தீனத்துக்குப் போய்க் கடற்கரை நகரான யாஃபாவில் தங்கினார். எழுத்தர் வேலைகள் பார்த்துக்கொண்டு எழுதினார். அங்கே வெளியிட்ட முதல் கதை 'அகுனோத்', அதாவது அகுனாவின் பன்மை. அந்தத் தலைப்பிலிருந்தே 'அக்னோன்' என்ற புனைபெயரை எடுத்தார். 1924இல் அது சட்டப்படியான குடும்பப் பெயரானது. அந்தக் கதையில் கணவனைத் தொலைத்த பெண்ணே இல்லை என்பது கவனிக்க வேண்டியது. பென் ஊரி என்ற கைவினைஞர் தோரா என்ற யூத வேதத்தின் சுருளை வைக்கும் பேழையைச் செதுக்குகிறார். செல்வந்தர் மகள் தீனா அவர் பாட்டில் மயங்குகிறாள். அவரோ வேலையில் மூழ்கி அவளை மறந்துவிடுகிறார். அவள் பேழையை ஜன்னல் வழியே தள்ளிவிடுகிறாள். பிறகு வேறொருவனோடு அவளுக்குத் திருமணம், அவன் மனமும் இன்னொருத்தியிடம். எல்லோரும் கட்டுண்டவர்கள், ஆனால் கட்டுண்ட இடத்தில் அவர்கள் இல்லை. சட்டச் சொல்லை எடுத்து ஆன்மாவின் நிலையாக மாற்றியிருக்கிறார். பின்னாளில் வந்த நாவல்களின் மனிதர்கள் அனைவரும் இந்தக் கதையின் வாரிசுகள் என்றே சொல்லலாம்.

'கோணலானது செவ்வையாகும்' நூலாக வரக் காரணம் எழுத்தாளர் யோசேப் ஹயிம் பிரென்னர். வறுமையில் இருந்தவர், கைக்காசு போட்டு அச்சிட்டார். மதத்தை விட்டுவிட்ட, முழு நவீனரான பிரென்னர் இந்தப் பழம்பாணிக் குரலுக்குள் இருந்ததை முதலில் கண்டுகொண்டவர்களில் ஒருவர். 1921 யாஃபா கலவரத்தில் அவர் கொல்லப்பட்டார்.

1912இன் கடைசியில் அக்னோன் ஜெர்மனி போனார். கொஞ்ச நாளைக்கு என்று போனது பன்னிரண்டு ஆண்டுகளானது. அங்கேதான் சல்மான் ஷோக்கன் அறிமுகம். பெரிய கடைகள் பலவற்றின் உரிமையாளர், நூல் சேகரிப்பாளர். மாதந்தோறும் பணம் கொடுத்து அக்னோனை எழுத மட்டும் விட்டார். பிறகு பதிப்பகம் தொடங்கி 1931இல் அவர் படைப்புகளைத் தொகுத்து நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். ஹீப்ருவில் எழுதிப் பிழைப்பது கடினமாக இருந்த காலத்தில் அக்னோன் ஒவ்வொரு கதையையும் பதிப்புக்குப் பதிப்பு செதுக்க முடிந்தது இந்த ஆதரவால். முதல் அச்சில் உணர்ச்சி பொங்கும் வரிகள் 1931 தொகுப்பில் வற்றி, இறுகி இருக்கும். ஒரே கதைக்கு இரண்டு மொழிபெயர்ப்புகளில் வேறு வேறு வாசகம் கண்டால் குழம்ப வேண்டாம். மூலமே பல வடிவங்களில் இருக்கிறது.

1920இல் எஸ்தர் மார்க்ஸை மணந்தார். ஒரு மகள், ஒரு மகன். 1924 ஜூனில் பாட் ஹோம்பர்க் நகரில் அவர்கள் வீடு தீப்பிடித்தது. 4,000 ஹீப்ரு நூல்களும் கையெழுத்துப் பிரதிகளும் சாம்பலாயின. அவற்றில் அச்சுக்குப் போக இருந்த ஒரு பெரிய நாவலும் உண்டு. அதை அவர் மறுபடி எழுதவே இல்லை. அதே ஆண்டு எருசலேம் திரும்பினார். 1929 கலவரத்தில் எருசலேமின் தல்பியோத் பகுதியில் இருந்த வீடு சூறையாடப்பட்டது. அதன்பின் அங்கேயே கட்டிய வீட்டில் 1970இல் இறக்கும் காலம்வரை வாழ்ந்தார். நின்றபடியே எழுதுவார், படிப்பதற்குக் கடினமான அவர் கையெழுத்தை மனைவி தட்டச்சு செய்வார். அந்த வீடு இப்போது அருங்காட்சியகம். அது இருக்கும் தெருவுக்கு, எதிர்வீட்டில் வாழ்ந்த, அவரோடு அவ்வளவாக ஒட்டாத அறிஞர் யோசேப் கிளவுஸ்னரின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

எந்த ஹீப்ரு?

ஹீப்ரு பல நூற்றாண்டுகளாக யாருக்கும் தாய்மொழியாக இல்லை. பிரார்த்தனையும் சட்ட விவாதமும் கடிதப் போக்குவரத்தும் அதில் நடந்தன. வீட்டுப் பேச்சு இத்திஷ் போன்ற வேறு மொழிகளில். 1881இல் எருசலேம் வந்த எலியேசர் பென்-யெஹூதா போன்றவர்கள் அதைப் பேச்சுமொழியாக்க முனைந்தார்கள். அக்னோன் எழுதிய காலத்தில் தெருவில் ஒரு புதிய ஹீப்ரு வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. அவர் அதை எழுதவில்லை.

அவர் தேர்ந்தெடுத்தது ரபிகளின் ஹீப்ரு: மிஷ்னா, வேத வசனங்களை விளக்கும் மித்ராஷ் கதைகள், இடைக்கால உரைகள், ஹசித் கதைகள் வழியாக வந்த உரைநடை. பன்மை விகுதியிலேயே வித்தியாசம் தெரியும். பைபிளிலும் நவீனப் பேச்சிலும் 'இம்' என்று முடியும் பன்மை, அவரிடம் பல இடங்களில் மிஷ்னா பாணியில் 'இன்' என்று முடியும். ஹீப்ரு வாசகர் ஒரு பக்கத்தைத் திறந்ததும் பழைய படிப்பு மண்டபத்துக்குள் நுழைந்த உணர்வு வருவது இப்படிப்பட்ட சின்னச் சின்னத் தேர்வுகளால். காதல், பைத்தியம், வாடகை அறை, காபிக்கடை எல்லாவற்றையும் இந்த மொழியிலேயே எழுதுகிறார்.

அதோடு, வாக்கியங்களுக்கடியில் மேற்கோள்கள் ஓடும். மேற்கோள் குறி இருக்காது. மூலத்தில் அந்த வசனம் எங்கே வருகிறது என்று தெரிந்தால் பொருள் திரும்பிவிடும். 1939இல் வந்த நாவலின் தலைப்பு 'இராத்தங்க வந்த விருந்தாளி'. ஊருக்கு வந்து தங்கும் கதைசொல்லியைக் குறிப்பதாக நினைத்துப் படிப்போம். அது எரேமியா 14ஆம் அதிகாரத்தின் சொல். வறட்சியில் வாடும் மக்கள் அங்கே கடவுளைப் பார்த்துக் கேட்கிறார்கள்: நீர் ஏன் இந்த நாட்டில் ஒரு இரவு மட்டும் தங்கிப் போகும் வழிப்போக்கனைப் போல் இருக்கிறீர்? வந்து தங்கிப் போகும் விருந்தாளி யார் என்ற கேள்வி இதனால் நாவல் முழுக்கத் திறந்தே இருக்கிறது.

மொழிபெயர்ப்பில் இதில் பெரும்பகுதி போய்விடும் என்பது உண்மை. பழைய ஆங்கில பைபிள் நடையில் மொழிபெயர்த்தால் பாரமாகிறது; சாதாரண ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தால் தட்டையாகிறது. பின்குறிப்புகள் உள்ள பதிப்பு கிடைத்தால் அதையே எடுங்கள். டோபி பிரஸ் வெளியிட்ட அக்னோன் வரிசை இதற்கு உதவும்.

மூன்று நாவல்கள்

1935இல் வந்த 'ஒரு எளிய கதை'. அநாதையான புளூமே உறவினரான கடைக்காரர் வீட்டில் வந்து வேலை செய்கிறாள். வீட்டுப் பிள்ளை ஹிர்ஷ்லுக்கு அவள்மேல் காதல். தாய் ட்சிர்ல் கணக்குத் தெரிந்தவள். பணக்கார வீட்டுப் பெண் மின்னாவைப் பேசி முடிக்கிறாள். ஹிர்ஷ்ல் எதிர்க்கவில்லை. திருமணமாகி வாழ்கிறான். தூக்கம் போகிறது. ஒருநாள் காட்டுக்குள் ஓடிச் சேவலைப் போலக் கூவுகிறான். லெம்பர்க் நகரில் டாக்டர் லாங்சாமிடம் சேர்க்கிறார்கள். அவர் மருந்தைவிடப் பேச்சையும் பாட்டையும் நம்புபவர். ஹிர்ஷ்ல் குணமாகித் திரும்பி, மனைவியோடு அமைதியாகக் குடும்பம் நடத்துகிறான்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று குரல் சொல்கிறது. குணமாவது என்றால் என்ன, காதலை மறப்பதா, மறக்கக் கற்பிக்கப்படுவதா என்று கேட்க வேண்டியது வாசகர் வேலை. இந்த நாவலைப் பெற்றோர் கொடுமையின் கதையாகப் படிப்பது பாதிச் சரி. ட்சிர்லைக் கொடியவளாக அக்னோன் எழுதவில்லை. கடை, சொத்து, ஊர்ப் பேச்சு என்ற உலகம் எப்படி உருளும் என்று அறிந்தவளாக எழுதுகிறார், அதில் அவருக்கு மரியாதையும் இருக்கிறது. கடைசியில் ஹிர்ஷ்ல், மின்னா கதை முடிந்தது, புளூமேயின் கதை முடியவில்லை, அதற்குத் தனிப் புத்தகம் வேண்டும் என்று கதைசொல்லி சொல்கிறார். அந்தப் புத்தகம் வரவேயில்லை. புளூமேயை யாரும் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்பதை, கதைசொல்லியே அவளை விட்டுவிட்டுப் போவதன் மூலம் காட்டுகிறார்.

'இராத்தங்க வந்த விருந்தாளி' நாவலின் பின்னணி 1930இல் அக்னோன் புச்சாச்சுக்குப் போன பயணம். நிஜத்தில் குறுகிய பயணம். நாவலில் ஏறக்குறைய ஓராண்டு நீள்கிறது. எருசலேம் வீடு சூறையாடப்பட்ட ஒருவர், முதல் உலகப் போரில் சிதைந்த பிறந்த ஊருக்கு யோம் கிப்பூர் என்ற பாவநிவாரண நோன்பு நாளையொட்டி வந்து சேர்கிறார். ஊரை விட்டுப் போகிறவர்கள் பழைய படிப்பு மண்டபத்தின் சாவியை இவரிடம் கொடுத்துவிடுகிறார்கள். இவர் விறகு வாங்கி அடுப்பு மூட்டுகிறார். குளிர்காலத்தில் ஆட்கள் வருகிறார்கள், பிரார்த்தனை நடக்கிறது, ஊர் உயிர்த்துவிட்டது போலிருக்கிறது. வெயில் அடித்ததும் வருகை நின்றுபோகிறது. அவர்கள் வந்தது சூட்டுக்காக. இதற்கு மேல் ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது.

சாவி தொலைகிறது. புதிதாக ஒன்று செய்து, ஊரில் பிறந்த குழந்தைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார். எருசலேம் வந்து பையைத் திறந்தால் பழைய சாவி உள்ளேயே இருக்கிறது. வெளிநாடுகளில் உள்ள தொழுகை மண்டபங்களும் படிப்பு மண்டபங்களும் ஒருநாள் இஸ்ரேல் மண்ணில் வந்து நிற்கும் என்று தல்மூத்தில் ஒரு வாக்கு உண்டு. அந்த நாளுக்காகச் சாவியைப் பத்திரப்படுத்துகிறார். நாவல் 1938-39இல் ஹாரெட்ஸ் நாளிதழில் தொடராக வந்தது. சில ஆண்டுகளில் நாஜி ஆக்கிரமிப்பில் புச்சாச்சின் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அதைப் பற்றி அவர் பின்னர் எழுதிய 'அடையாளம்' என்ற கதையில், 11ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாலமன் இப்ன் கபிரோல் இரவில் தோன்றி, ஊரின் பெயர் மறக்காமலிருக்க அதன் எழுத்துகளை வரிமுதலாக வைத்துப் பாடல் கட்டுகிறார். நாவலைப் படித்தவுடன் அந்தக் கதையையும் படித்துவிட வேண்டும்.

மூன்றாவது, 1940களின் நடுவில் வந்த 'நேற்று முந்தாநாள்'. ஆங்கிலத்தில் 'ஒன்லி யெஸ்டர்டே'. அவர் எழுதியவற்றில் ஆகப் பெரிய சாதனை என்று கருதுபவர்கள் அதிகம். அந்தத் தரப்பே சரி என்பது இக்கட்டுரையின் நிலை. 1904க்கும் 1914க்கும் இடைப்பட்ட குடியேற்ற அலையில், நிலத்தை உழ வேண்டும் என்ற கனவோடு கலீசியாவிலிருந்து வரும் ஐசக் கூமர், வேலை கிடைக்காமல் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவனாகிறான். யாஃபாவில் சோனியா, எருசலேமில் ஷிஃப்ரா; புதிய உலகம் ஒரு பக்கம், பழைய பக்தி உலகம் மறுபக்கம். இரண்டிலும் கால் ஊன்றவில்லை.

ஒருநாள் வேலை முடித்த தூரிகையோடு நிற்கும்போது தெருநாய் ஒன்று வருகிறது. விளையாட்டாக அதன் முதுகில் "நாய்" என்று எழுதுகிறான். தூரிகையில் பெயிண்ட் மிச்சம். "பைத்தியம்" என்று சேர்க்கிறான். நல்ல நாய். ஆனால் எழுத்துப் படிக்கத் தெரிந்த ஊர். பார்த்தவர்களெல்லாம் அலறி ஓடுகிறார்கள், கல்லெறிகிறார்கள். நாய்க்குக் காரணம் புரியவில்லை. இங்கிருந்து நாவலின் பல அத்தியாயங்கள் அந்த நாயின் பார்வையில் போகின்றன: தனக்கு என்ன நேர்ந்தது, உண்மை யாரிடம் இருக்கிறது என்று அது தேடுகிறது. கடைசியில் அதற்கு நிஜமாகவே வெறி பிடிக்கிறது. தன் முதுகில் எழுதியவனிடம்தான் விடை இருக்கும் என்று அவனைக் கடிக்கிறது. புதிதாகத் திருமணமான ஐசக் கட்டிப்போடப்பட்டுச் செத்துப்போகிறான். நீண்ட வறட்சிக்குப் பின் அப்போது மழை கொட்டுகிறது. ஊர் கடவுளுக்கு நன்றி சொல்லிக் கொண்டாடுகிறது, குரலும் சேர்ந்து மகிழ்கிறது. ஐசக் என்ன பாவம் செய்தான் என்ற கேள்வி மழையில் நனைந்து கிடக்கிறது.

நாய் எதன் குறியீடு என்று விமர்சகர்கள் எழுதிக் குவித்திருக்கிறார்கள். தொடக்கத்தில் அதைத் தவிர்ப்பது நல்லது. நாவலுக்குள்ளேயே எருசலேம் நாயைப் பற்றிய செய்தியை யாஃபாவாசிகள் ஏதோ உருவகம் என்று நினைத்து விளக்கம் தேடுகிறார்கள். அங்கே நிஜமான நாய் நிஜமாகப் பட்டினி கிடக்கிறது. முதல் வாசிப்பில் நாயை நாயாகவே விடுங்கள்.

எதில் தொடங்கலாம்

1931இல் வந்த 'மணப்பந்தல்' அவருக்குப் புகழ் தந்த நாவல், ஆனால் அதில் தொடங்க வேண்டாம். மூன்று பெண்களுக்குச் சீர் சேர்க்க வண்டியில் ஊர் ஊராகப் போகும் ஏழை ஹசித் ரெப் யூதெலின் கதை அது. கதைக்குள் கதை, அதற்குள் இன்னொன்று என்று கிளை விடும். கிளைகளைத் தாண்டிப் படிப்பவர்களுக்கு மிஞ்சுவது வெறும் பயணம். பொறுமையாகப் படிப்பவருக்குத்தான் அதன் சிரிப்பு கேட்கும். ஐசக் கூமர் இந்த யூதெலின் வழிவந்தவன் என்பதால், 'நேற்று முந்தாநாள்' முடித்தபின் திரும்பி வந்து படித்தால் சுவை கூடும்.

தொடங்கச் சரியானது 1943இல் எழுதிய 'சீமாட்டியும் சில்லறை வியாபாரியும்' என்ற சிறுகதை. ஒரே உட்காரலில் படிக்கலாம். மூட்டையோடு திரியும் யூத வியாபாரி, காட்டில் தனியே வாழும் ஹெலனி என்ற சீமாட்டிக்கு வேட்டைக் கத்தி ஒன்றை விற்கிறான். மழைக்கு ஒதுங்கியவன் அங்கேயே தங்கி அவளுக்குக் கணவன் போலாகிறான். அவள் சாப்பிட்டு அவன் பார்த்ததில்லை. முன்னிருந்த கணவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டால் அவள் நேரடியாகவே பதில் சொல்கிறாள், அவன் நம்பவில்லை. தேவதைக் கதையின் மெல்லிய குரலில் சொல்லப்படும் இந்தப் பயங்கரம் நாஜிகள் ஐரோப்பிய யூதர்களைக் கொன்றுகொண்டிருந்த ஆண்டில் எழுதப்பட்டது என்பதை நினைவில் வைத்தால் போதும், வேறு முன்னறிவு தேவையில்லை.

அடுத்து 'கோணலானது செவ்வையாகும்', மேலே சொன்ன சட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு. அதன்பின் 'ஒரு எளிய கதை'. ஹில்லெல் ஹால்கின் மொழிபெயர்ப்பு தெளிவாக ஓடும். பிறகு விருந்தாளி. பார்பரா ஹார்ஷவ் மொழிபெயர்த்த 'ஒன்லி யெஸ்டர்டே' கடைசியில். அறுநூறு பக்கத்துக்கு மேல் இருப்பதால் அவசரப்பட முடியாது, நாய் வந்தபிறகு வேகம் தானாகக் கூடும். இடையிடையே கனவுபோல் எழுதிய 'செயல்களின் புத்தகம்' கதைகளில் ஒன்றிரண்டு. அவற்றில் 'முழு ரொட்டி' கிடைத்தால் விட வேண்டாம்: தபாலில் சேர்க்க வேண்டிய கடிதங்களா, பசிக்குச் சாப்பாடா என்று ஒரு மாலை முழுவதும் இரண்டுக்கும் நடுவே அலையும் மனிதனைப் பற்றியது. காஃப்காவின் பாதிப்பு என்று பலர் சொன்னதை அக்னோன் ஏற்கவில்லை.

படிக்கும்போது இரண்டு பழக்கங்கள் உதவும். நோன்பு, பண்டிகை, ஓய்வுநாள் பெயர் வரும் இடத்தில் நின்று அது என்ன நாள் என்று பார்த்துவிட வேண்டும். அவர் கதையில் தேதி அலங்காரத்துக்கு வருவதில்லை. கதைசொல்லி "எல்லாம் நல்லதற்கே" என்கிற தொனியில் பேசும் இடங்களில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, அந்தப் பக்கத்தில் யாருடைய இழப்பு பேசப்படாமல் போகிறது என்று பார்க்க வேண்டும்.

கடைசி நாவல் 'ஷிரா' அவர் இறந்தபின் 1971இல் மகள் எமூனா யாரோன் முயற்சியில் வந்தது. பைசாந்திய வரலாற்றுப் பேராசிரியர் மான்ஃப்ரெட் ஹெர்ப்ஸ்ட், ஷிரா என்ற நர்ஸ்மேல் கொண்ட பித்து, 1930களின் எருசலேம் பல்கலைக்கழகச் சூழல். நாவல் முடிவில்லாமல் நிற்கிறது. பிந்தைய பதிப்பில் சேர்த்த ஓர் அத்தியாயத்தில் ஹெர்ப்ஸ்ட் அவளைத் தேடித் தொழுநோயாளர் இல்லத்துக்குள் போகிறார். அந்த முடிவு திருப்தி தராவிட்டால், 1954இல் தனியாக வெளிவந்த 'என்றென்றும்' சிறுகதையைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அது முதலில் இந்த நாவலின் பகுதியாகவே எழுதப்பட்டது. அழிந்துபோன ஒரு நகரத்தின் வரலாற்றை இருபது ஆண்டு ஆராய்ந்த அறிஞர் அடியேல் அம்சே, தனக்கு வேண்டிய ஒரே ஒரு நூல் தொழுநோயாளர் இல்லத்தில் இருப்பதாகத் தெரிந்ததும் உள்ளே போகிறார். நூல் வெளியே வர முடியாது என்பதால் அவரும் வெளியே வரவில்லை.